அப்பாவோடு கிட் கார் கட்டத் தொடங்குவது: முதல் பேச்சிலிருந்து முதல் ஓட்டம் வரை

நானும் அப்பாவும் இங்கிலாந்தில், ஒரே ஒரு கார் நிற்கும் எங்கள் வீட்டுக் கராஜில், செவன் வகை கிட் கார் ஒன்றைக் கட்டி முடித்தோம். கிட் கார் என்றால் பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக் கட்டும் கார்; செவன் வகை என்றால் பழைய லோட்டஸ் செவன் பாணியில், திறந்த, இரண்டு பேர் உட்காரும் சிறிய கார். இரண்டு குளிர்காலமும் நடுவில் ஒரு கோடையும் ஆயின. அப்பா கோவையில் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று எங்களோடு வந்தவர். எனக்கு அதற்கு முன் சக்கரம் மாற்றத் தெரியும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு, அப்பா-மகன், அம்மா-மகள் என்று மூன்று ஜோடிகள் இதே வேலையைத் தொடங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தடுமாறிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் யாரும் நிற்கவில்லை. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் தள்ளியதால்தான் நின்றார்கள். அதனால் இங்கே எது முதலில், எது அப்புறம், ஏன் என்பதையே விரிவாகச் சொல்கிறேன். சட்டமும் சோதனையும் பற்றிச் சொல்வதெல்லாம் பிரிட்டனுக்கு உரியவை. வேறு நாட்டில் இருப்பவர்கள் காசு கட்டும் முன் அந்த ஊர்ப் பதிவுச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

1. கேட்டலாக்கைத் திறக்கும் முன் பேசி முடிக்க வேண்டியவை

பணம் யாருடையது, கார் யார் பெயரில், கட்டி முடிந்தபின் யார் ஓட்டுவது. மூன்றையும் முதல் நாளே பேசுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட ஒரு ஜோடி, எஞ்சின் உள்ளே இறங்கிய பிறகு அதே பேச்சில் இரண்டு மாதம் நின்றது.

அடுத்து, உடம்பு. அறுபது தாண்டியவரைக் காருக்கு அடியில் படுக்க வைக்கக் கூடாது. அப்பாவின் முழங்காலை மனதில் வைத்து, சேசிஸை, அதாவது காரின் அடிச்சட்டகத்தை, இடுப்பு உயரத்தில் நிறுத்த உறுதியான இரண்டு தாங்கிகள் செய்தோம். கட்டுமானத்தின் முதல் பாதியில் சேசிஸ் இரண்டு பேர் தூக்கும் எடைதான், அதனால் இது முடியும். குனியாமல் வேலை செய்தால் மூன்று மணி நேரம் தாங்குகிறவர், தரையில் உட்கார்ந்தால் நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடுவார்.

வேலைப் பங்கீட்டில் எங்களுக்குப் பலித்த முறை இது: ஒருவர் கையேட்டை உரக்கப் படிப்பார், மற்றவர் கையால் செய்வார், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வோம். தெரிந்தவர் செய்ய, தெரியாதவர் டார்ச் லைட் பிடிக்க என்று தொடங்கினால், டார்ச் பிடிப்பவர் ஐந்தாவது வாரம் வரமாட்டார். அது பிள்ளையாக இருந்தாலும் சரி, அம்மாவாக இருந்தாலும் சரி.

இன்னொன்று. ப்ரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் இந்த மூன்றையும் ஒருவர் தனியாக முடிக்கக் கூடாது. ஒருவர் இறுக்கியதை மற்றவர் சரிபார்க்க வேண்டும். ராத்திரி தூக்கம் வராமல் தனியே போய் "ஒரு வேலையை முடித்துவிட்டேன்" என்று காலையில் சொல்லும் அப்பாக்கள் உண்டு. அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் எது இறுக்கியது, எது விட்டது என்ற கணக்கு அங்கே போய்விடும்.

2. முழுப் புதுக் கிட்டா, பழைய காரின் பாகங்களா

இரண்டு வழிகள். கேட்டர்ஹாம் போன்ற நிறுவனங்களிடம் எஞ்சின், கியர் பாக்ஸ் உட்பட எல்லாம் புதிதாக வாங்கலாம். பணம் அதிகம், வேலையும் குழப்பமும் குறைவு. அல்லது ஜி.பி.எஸ். ஜீரோ போன்ற கிட்டில் சேசிஸும் உடலும் புதிதாக வாங்கி, எஞ்சின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் (எஞ்சினின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது), ஸ்டியரிங் எல்லாவற்றையும் ஒரு பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரிலிருந்து எடுக்கலாம்.

நாங்கள் போனது இரண்டாவது வழி. எம்.எக்ஸ்-5 இங்கே மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் துரு. கதவுக்குக் கீழே உள்ள ஓரச் சட்டமும் பின் சக்கர வளைவும் அரித்துவிடும், ஆனால் எஞ்சினும் கியர் பாக்ஸும் நல்ல நிலையில் இருக்கும். நமக்கு வேண்டியதும் அவைதான்.

பெற்றோரில் ஒருவருக்காவது இயந்திர அனுபவம் இருந்தால் பழைய கார் வழி நல்லது, கழற்றுவதிலேயே பிள்ளை பாதி கற்றுக்கொள்ளும். இருவருமே புதியவர்கள், வாரம் நாலு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் புதுக் கிட்டுக்குக் காசு சேருங்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பல கார்களிலிருந்து பாகங்களைத் துண்டு துண்டாகச் சேர்க்காதீர்கள். ஒன்றோடு ஒன்று பொருந்தாது, பதிவு செய்யும்போதும் இடிக்கும்.

எதை ஆர்டர் செய்வதற்கு முன்னும், இருவரும் அதே வகைக் காரில் ஒருமுறை ஏறி உட்கார்ந்து இறங்கிப் பாருங்கள். செவன் வகையில் கதவு என்று ஒன்று இருக்காது, அல்லது பெயருக்கு ஒரு துணிக்கதவு இருக்கும். காலைத் தூக்கி உள்ளே வைத்துச் சறுக்கி உட்கார வேண்டும். அகலமான உடல்வாகுக்குப் பெரிய சேசிஸ் விற்கிறார்கள், ஆனால் ஆர்டர் போட்ட பிறகு மாற்ற முடியாது.

3. காகிதங்கள்: ஸ்பேனருக்கு முன்னால்

புதியவர்கள் கடைசிக்குத் தள்ளிவைப்பது இதைத்தான். இதுதான் முதலில் வர வேண்டும்.

கட்டிய கார் சாலைக்கு வர ஐ.வி.ஏ. என்ற தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். டி.வி.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பு நடத்துகிறது. அதன் சோதனைக் கையேட்டை இலவசமாகப் படிக்கலாம். கிட் வருவதற்கு முன்பே இருவரும் படித்துவிடுங்கள். எந்த விளிம்பு எவ்வளவு மழுங்கியிருக்க வேண்டும், எந்த விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தால், முதல் துளையைப் போடும்போதே சரியாகப் போடலாம்.

அடுத்து பதிவு எண். அது வாகனப் பதிவைக் கவனிக்கும் டி.வி.எல்.ஏ. என்ற அரசு அமைப்பின் கையில் இருக்கிறது. எல்லாமே புதுப் பாகங்கள் (ஒரே ஒரு பாகம் மட்டும் புதுப்பித்ததாக இருக்கலாம்) என்றால் நடப்பு ஆண்டின் எண் கிடைக்கும். கிட் நிறுவனத்தின் புது சேசிஸோடு ஒரே பழைய காரின் இரண்டு முக்கிய பாகங்களாவது இருந்தால், அந்தப் பழைய காரின் வயதுக்கேற்ற எண் கிடைக்கும். எதையும் நிரூபிக்க முடியாவிட்டால் 'க்யூ' எழுத்தில் தொடங்கும் எண். அது தவறல்ல, ஆனால் விற்கும்போது விலை குறையும்.

ஆகவே பழைய காரை வாங்கும்போது வி5சி பதிவுப் புத்தகம் உங்கள் கையில் வர வேண்டும். அதில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று விற்பவர் முன்னாலேயே பாருங்கள். கடன் பாக்கி இருக்கிறதா என்றும் சோதியுங்கள். வீட்டுக்கு வந்ததும் 'சோர்ன்' என்ற சாலையில் ஓடாத அறிவிப்பைக் கொடுங்கள்.

ஒவ்வொரு ரசீதையும் வையுங்கள். ஒவ்வொரு வேலை நாளும் நான்கு புகைப்படங்கள் எடுங்கள், அதில் உங்கள் இருவரின் முகமும் கையும் இருக்கட்டும். நீங்களே கட்டியதுதான் என்று காட்ட அவை உதவும். எங்கள் வீட்டில் அம்மா இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

4. இடமும் கருவிகளும்

எம்.எக்ஸ்-5 ஏறக்குறைய 4 மீட்டர் நீளம். செவன் வகை 3.1 முதல் 3.4 மீட்டர். ஒற்றைக் கராஜில் இரண்டும் நிற்காது. அதனால் பழைய காரை முழுதாகக் கழற்றி, கூடு வெளியே போன பிறகே கிட்டை வரவழைக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டையும் ஒரே மாதத்தில் வரவழைத்த ஒரு மகன், மழையில் நனையும் சேசிஸுக்குத் தார்ப்பாய் தேடி அலைந்தான்.

கருவிகளில் இவை கட்டாயம்: 8 முதல் 21 மி.மீ. வரை பாக்ஸ் ஸ்பேனர், ரிங் ஸ்பேனர் செட், நான்கு ஆக்சில் ஸ்டாண்டு, உருளை ஜாக்கி, ரிவெட் கன், தீயணைப்பான். எம்.எக்ஸ்-5 சக்கர மையத்து நட்டுக்கு 29 மி.மீ. சாக்கெட் தனியாக வேண்டும். எஞ்சின் தூக்கும் கிரேன் வாடகைக்குக் கிடைக்கும், வாங்காதீர்கள்.

டார்க் ரெஞ்ச் (வைத்த அளவுக்கு இறுகியதும் சத்தம் போட்டுச் சொல்லும் ஸ்பேனர்) இரண்டு வாங்குங்கள், சிறிய போல்ட்டுகளுக்கு ஒன்று, பெரியவற்றுக்கு ஒன்று. இதில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். "இதுக்கெல்லாம் மீட்டர் எதுக்கு கண்ணு, கை சொல்லும்" என்றார் அப்பா. மில்லில் இரும்போடு முப்பது வருடம் பழகிய கை அது. எஞ்சின் தலை அலுமினியம். தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டை அவர் வழக்கமான பதத்துக்கு இறுக்க, மரை உரிந்து வந்துவிட்டது. கம்பிச் சுருள் மரை போட்டுச் சரிசெய்தோம். அன்றிலிருந்து அப்பா கையால் நெருக்குவார், டார்க் ரெஞ்சின் 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை நான் முடிப்பேன், பிறகு அவர் மஞ்சள் பெயிண்டால் கோடு போடுவார். கோடு இல்லாத போல்ட் இறுக்காத போல்ட். அனுபவமுள்ள பெற்றோரோடு கட்டும் எல்லோரும் இந்தக் கோட்டு முறையை முதல் நாளே கொண்டுவாருங்கள். யார் சொன்னது சரி என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

குளிர்காலத்துக்கு எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் வையுங்கள். தீச்சுடர் உள்ள ஹீட்டர் கூடவே கூடாது, பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து வரும்.

5. பழைய காரைக் கழற்றுதல்

கழற்றும் முன், சோர்ன் கொடுப்பதற்கும் முன்பே, காரை ஓட்டிப் பாருங்கள். சாலையில் ஓட்டும் நிலையில் இல்லாவிட்டால் தனியார் இடத்திலாவது முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கியர் உறுமுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, எஞ்சின் சூடேறுகிறதா, எல்லா விளக்கும் எரிகின்றனவா என்று எழுதிவையுங்கள். இன்று தெரிந்தால் கியர் பாக்ஸை மேஜைமேல் வைத்துப் பார்க்கலாம். கட்டி முடித்த பிறகு தெரிந்தால் பாதிக் காரைப் பிரிக்க வேண்டும்.

ஒயரை வெட்டாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது வெட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் இரு பக்கமும் சீட்டு ஒட்டி, படம் எடுத்து, பிறகு பிரியுங்கள். எங்கள் சீட்டுகளில் அப்பா தமிழில் எழுதினார்: 'இடது முன் விளக்கு', 'ஃபேன்', 'தெரியவில்லை 3'. தெரியவில்லை என்று எழுதிவைப்பதும் தகவல்தான். அந்த மூன்றாவது இணைப்பு கண்ணாடி ஏற்றும் மோட்டாருக்கு உரியது, நமக்குத் தேவையே இல்லை என்று பின்னால் தெரிந்தது.

போல்ட்டுகளை, அவை வந்த பாகத்தின் பெயரோடு, பிளாஸ்டிக் பைகளில் போடுங்கள். ஒரே டப்பாவில் போட்டால் ஒரே தடிமனில் நீளம் மட்டும் மாறும் போல்ட்டுகள் கலந்துவிடும். நீளமானது தவறான துளையில் போனால் அடியில் முட்டி, இறுகியது போல் காட்டி ஏமாற்றும்.

6. கிட் வந்த நாள்

அன்று ஸ்பேனரை எடுக்காதீர்கள். பட்டியலை ஒருவர் படிக்க, மற்றவர் எடுத்துக் காட்ட, எல்லாவற்றையும் எண்ணுங்கள். எங்களுக்கு ஒரு நாள் முழுதும் பிடித்தது. பதினொரு பொருட்கள் குறைந்தன, இரண்டு தவறாக வந்திருந்தன. உடனே எழுதிக் கேட்டால் எல்லாம் வந்துசேரும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால், எங்கே தொலைந்தது என்று இரு தரப்புக்கும் தெரியாது.

7. பூட்டும் வரிசை

வெற்றுச் சேசிஸில் செய்யக்கூடியதை எல்லாம் முதலில் முடியுங்கள். ப்ரேக் குழாய், பெட்ரோல் குழாய், தரைத் தகடு, பக்கத் தகடுகளின் ரிவெட். எஞ்சின் உள்ளே வந்த பிறகு அந்த மூலைகளுக்குக் கை போகாது. ப்ரேக் குழாயின் முனையை விரிப்பதைப் பழைய துண்டில் பத்து முறை பழகிவிட்டு நல்லதில் செய்யுங்கள். நட்டைக் குழாயில் மாட்டாமல் முனையை விரித்துவிடுவது எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு.

அடுத்து முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ரேக். பிறகு பின்னால் டிஃபரன்ஷியல், டிரைவ் ஷாஃப்ட், பின் சஸ்பென்ஷன். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ரப்பர் புஷ் (இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளை இப்போது முழுதாக இறுக்கக் கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் இறங்கும்போது ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதங்களில் கிழியும். கார் சக்கரத்தில் நின்று, எடை ஏறிய பிறகே கடைசி இறுக்கு. அதுவரை அந்தப் போல்ட்டுகளில் சிவப்பு நாடா கட்டிவையுங்கள், மறந்துபோகும்.

கியர் பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பற்றி எச்சரிக்கை. இருக்கைகளுக்கு நடுவே அது ஓடும் சுரங்கத்தின் இரு முனையிலும் கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் வந்துவிட்டால் அதை உள்ளே செலுத்த வழியிருக்காது. இரண்டில் கடைசியாக வருவதைப் பூட்டும் முன் ஷாஃப்ட்டைச் சுரங்கத்தில் வைத்துவிடுங்கள். நான் பார்த்த ஒரு அப்பாவும் மகனும் எஞ்சினை இரண்டு முறை இறக்கியது இதனால்தான்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றாகப் பூட்டி, வால் பக்கம் சாய்த்து, மேலிருந்து இறக்க வேண்டும். இதற்கு மூன்று பேர் தேவை: கிரேனில் ஒருவர், வாலைத் தாங்க ஒருவர், தகடுகளில் இடிக்கிறதா என்று பார்க்க ஒருவர். நிறுத்தச் சொல்லும் உரிமை மூவருக்கும் உண்டு. ஒரு குரல் வந்தால் கிரேன் நிற்க வேண்டும். யாருடைய கையும் எஞ்சினுக்கு அடியில் போகக் கூடாது.

அப்புறம் ரேடியேட்டர், ஒயரிங். கண்ணாடி இழை உடல் பாகங்கள் கடைசி. அழகாக இருக்கும் என்று முதலில் மாட்டிப் பார்க்கத் தோன்றும், ஸ்பேனர் விழுந்து கீறல் விழுவதுதான் மிச்சம். விளக்கு எரியாமல் போனால் முதலில் எர்த் இணைப்பைப் பாருங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. பழைய காரில் இரும்புக் கூடே எர்த்தாக இருந்தது, இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் ஒயர் தனியாக இழுக்க வேண்டும்.

ப்ரேக்கில் ஏர் எடுப்பது, அதாவது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவது, உண்மையிலேயே இருவர் வேலை. அப்பா மிதியில் உட்கார்வார், நான் சக்கரத்தடியில். "மிதிங்க", "பிடிங்க", "விடுங்க" என்ற மூன்று சொற்களைத் தவிர வேறு எதுவும் அப்போது பேசக் கூடாது. காற்று வெளியேறும் சிறு திருகான நிப்பிளை மூடும் முன் மிதியை விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். ப்ரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், பக்கத்தில் தண்ணீரும் துணியும் இருக்கட்டும்.

8. முதல் ஸ்டார்ட்

சொந்தக்காரர்களை அழைக்காதீர்கள். கூட்டம் இருந்தால் அவசரம் வரும்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்பையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் சிறுசிறு தவணையாகச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் ஏறுவது தெரிந்த பிறகே பிளக்குகளைப் போட வேண்டும். மாதக்கணக்கில் நின்ற எஞ்சினின் பேரிங்குகளில் ஆயில் இருக்காது, உலர்ந்து சுற்றினால் தேயும். பிறகு பம்பை மட்டும் இயக்கி, பெட்ரோல் குழாய் முழுதையும் ஒருவர் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று ஸ்டார்ட் கிடையாது.

ஓடத் தொடங்கியதும் ஒருவர் மீட்டரை மட்டும், மற்றவர் எஞ்சினை மட்டும் பாருங்கள். எங்கள் எஞ்சின் மூன்றாவது முயற்சியில் ஓடியது. அப்பா சாவியைத் திருப்பினார், நான் தீயணைப்பானோடு நின்றேன்.

9. ஐ.வி.ஏ. சோதனைக்குத் தயாராகுதல்

100 மி.மீ. விட்டமுள்ள ஒரு பந்தை எடுத்துக் காரின் வெளிப்புறம் முழுதும் உருட்டுங்கள். பந்து தொடும் விளிம்புகள் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. செவன் வகையில் முன் சஸ்பென்ஷன் கைகள் வெளியே தெரிவதால் நிறையப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள். ரப்பர் ஓரமும் நட்டு மூடிகளும் போட்டால் தீரும்.

ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. டயர் அளவு பழைய காரிலிருந்து மாறியிருந்தால் இது தவறக்கூடும், முன்பே சரிசெய்யுங்கள். பின் பனி விளக்கு நடுவிலோ ஓட்டுநர் பக்கத்திலோ இருக்க வேண்டும். ஸ்டியரிங், ப்ரேக், சஸ்பென்ஷன் நட்டுகள் எல்லாம் தானே பூட்டிக்கொள்ளும் வகையாகவோ ஸ்ப்ளிட் பின் குத்திப் பூட்டியதாகவோ இருக்கட்டும். ஒருமுறை கழற்றிய நைலான் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானே பூட்டிக்கொள்ளும் நட்டு) மீண்டும் போடாதீர்கள்.

சோதனைக்கு முன் சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்யுங்கள். எடை குறைந்த காரில் வளைத்த ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பச் சோம்பும், அதையும் பார்க்கிறார்கள்.

எங்களுக்கு முதல் முறை கிடைக்கவில்லை. மூன்று குறைகள், மூன்றும் விளிம்புகள். அதிகாரி கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு வந்து ஒரு வார இறுதியில் முடித்து, மறு சோதனையில் தேறினோம். முதல் முறை தேறாமல் போவது சாதாரணம் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவையுங்கள். கராஜுக்குத் திரும்பும் வழியில் அப்பா ஒன்றும் பேசாமல் வந்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

10. எண் பலகை வந்த பிறகு

இன்ஷூரன்ஸில் இருவர் பெயரையும் சேருங்கள். அப்பாவின் லைசென்ஸ் இந்தியாவுடையது என்றால் முன்பே கவனியுங்கள்: இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் அதை வைத்து ஓட்டலாம், பிறகு இங்குள்ள தேர்வில் தேற வேண்டும். நாங்கள் கார் கட்டிக்கொண்டிருந்த கோடையிலேயே அப்பா தேர்வு எழுதி முடித்தார்.

முதல் ஓட்டம் பத்து கிலோமீட்டருக்குள், வீட்டைச் சுற்றியே இருக்கட்டும். திரும்பி வந்து சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், மஞ்சள் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், கீழே அட்டை விரித்து ஒரு ராத்திரி விடுங்கள். எங்கள் அட்டையில் காலையில் ஒரே ஒரு சொட்டு இருந்தது, டிஃபரன்ஷியல் ஆயில். வடிகால் போல்ட்டின் வாஷரை மாற்றினோம். அடுத்த ஞாயிறு அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.